இசக்கியைப் போடு, இசக்கியை அமத்து

கூனித்தீவில் கரண்ட் போகவேண்டிய நாளில் கரண்ட் போகவில்லை. கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம், போகாத கரண்டை வைத்துக்கொண்டு தீவுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதும், அதற்காகக் கடலுக்கு நடுவில் ஒருத்தி என்ன ஆனாள் என்பதும்தான். ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்க வேண்டாம். கேட்கவேண்டியவர்கள் எல்லாரும் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் கிடைக்காமல், ஃபேனுக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

கரையிலிருந்து படகில் மூன்று மணி நேரம் போனால், காற்றாலைகள் கடலுக்குள் வரிசை வரிசையாக நிற்கிற இடத்தில், நான்கு இரும்புக் கால்களின் மேல் ஒரு மேடை இருக்கும். காற்றாலைகள் கொண்டுவந்து கொட்டுகிற மின்சாரத்தையெல்லாம் வாங்கி, அழுத்தத்தை ஏற்றி, கடலடிக் கேபிள் வழியாகக் கரைக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. கம்பெனி அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் வைத்திருந்தது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் நாலுகால் என்றார்கள். நாலுகால் என்பதே நின்றுவிட்டது. பெரிய கேபிள் கரைக்குப் போக, சின்னக் கேபிள் ஒன்று பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருந்த கூனித்தீவுக்குப் போனது. தீவில் முன்னூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு மாதா கோயில், ஒரு ஐஸ் பிளாண்ட், உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஒரு ஆலை. அத்தனையும் அந்த ஒற்றைக் கேபிளை நம்பித்தான் இருந்தன.

நாலுகாலில் வேலை பார்த்தவள் இசக்கியம்மாள். பணகுடிப் பக்கத்துப் பெண், ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்தவள், இருபத்திமூன்று வயசு. அம்மா இல்லை. அப்பா கொல்லத்தில் வேறொரு குடும்பத்தோடு சந்தோஷமாக இருந்தார், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நாகர்கோவிலில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று, கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அவளுக்கென்று கரையில் இருந்தது அதுதான். பதினாலு நாள் மேடையில், பதினாலு நாள் கரையில் என்று ஆள் மாற்றி ஆள் வேலை. டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய் மட்டம் பார்ப்பது, அதன் மூச்சுக்குழாய்க் கண்ணாடிக்குள் ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கிற நீலக்கல் நனைந்து ரோஸாக மாறினால் எடுத்துப்போட்டு வேறு போடுவது, துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது, கடற்காக்கை எச்சத்தைக் கழுவுவது, எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் எழுதுவது. கடலுக்கு நடுவில் வேலை என்றதும் என்னமோ என்று நினைக்கிறார்கள். முக்கால்வாசி நாள் கழுவுகிற வேலைதான்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு லைனில் கை வைக்கப் போகிறவர் முதலில் பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்தி, மிச்சக் கரண்ட் தரைக்கு இறங்க லைனை எர்த் பண்ணி, பிரேக்கரின் கைப்பிடியில் தன்னுடைய சொந்தப் பூட்டைப் போட்டுவிட வேண்டும். சிவப்புப் பூட்டு, அதில் போட்டோ ஒட்டிய சீட்டு, சாவி ஒன்றே ஒன்று, அதுவும் பூட்டியவர் கழுத்தில். அந்தப் பூட்டை மேனேஜர் தொடக் கூடாது, மேனேஜருக்கு மேனேஜரும் தொடக் கூடாது. பூட்டு தொங்குகிற வரைக்கும் அந்த ஆள் வேலையில் இருப்பதாக அர்த்தம்; வேலையில் இருக்கிற ஆளை எந்தப் படகும் ஏற்றக் கூடாது. ஒருவர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் தெரியாமல் போட்டுக் கொன்றுவிடக் கூடாதே என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான்.

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை, தீவுக் கேபிளின் மேடைப்பக்க முனையில் படிந்த உப்பைத் துடைக்கவேண்டி வந்தது. மூன்று நாள் முன்னாலேயே தீவுக்கு அறிவிப்புக் கொடுத்து, காலை ஒன்பது மணிக்கு இசக்கி பிரேக்கரைத் திறந்தாள், எர்த் பண்ணினாள், பூட்டைப் போட்டாள். ஒன்பதே காலுக்கு வயர்லெஸ் கத்தியது. ஃபெலிசியா. ஐஸ் பிளாண்டை நடத்துகிறவள். தீவிலேயே பெரிய வாய் அவளுடையது என்பதால் வயர்லெஸை ஊர்க்கமிட்டி அவள் வீட்டில்தான் வைத்திருந்தது.

“ஏட்டி, ஒம்பது மணிக்குக் கரண்டு போவும்னிய. ஐஸையெல்லாம் பெட்டி மாத்தி வச்சிட்டு உக்காந்திருக்கேன். எப்ப போவும்?”

“போயாச்சுக்கா.”

“எங்க போச்சு? ஃபேன் ஓடுது.”

“யாராச்சும் ஜெனரேட்டர் போட்டிருப்பாவ.”

“ஜெனரேட்டர் செத்து ரெண்டு வருசமாச்சுட்டி. அதுக்குள்ள கோழி முட்டையிடுது.”

இசக்கி போய் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். லைன் செத்துக் கிடந்தது. மறுபடி வைத்தாள், மறுபடியும் செத்துத்தான் கிடந்தது. சரி, என்னவோ என்று துடைக்கிற வேலையைத் துடைத்து முடித்து, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டைத் திறந்தாள். திறந்த அந்த நொடியில் தீவில் மாதா கோயில் மணிக்கூண்டு விளக்கு முதல் ஐஸ் பிளாண்ட் மோட்டார் வரை எல்லாம் நின்றுபோனது. பிரேக்கரைப் போட்டாள், போட்ட வேகத்தில் அது தானாகத் துள்ளித் திறந்துகொண்டது. இன்னொரு தடவை போடக் கூடாது என்பது விதி. அளந்து பார்த்ததில் கேபிள் ஆறாவது கிலோமீட்டரில் அறுந்து கிடந்தது, எந்தக் கப்பலோ நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அறுந்த லைனில் பூட்டுப் போட்டு வைப்பது வழக்கம் என்பதால் அவள் தன் பூட்டைத் திரும்பத் தொங்கவிட்டாள். தீவில் ஃபேன் சுற்றியது.

கரையிலிருந்து மூன்று என்ஜினியர்கள் லேப்டாப்போடு வந்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் பூட்டைப் போட்டுப் பார்த்தார்கள். தீவு இருட்டாகவே இருந்தது. இசக்கியின் பூட்டைப் போட்டால் எரிந்தது. பூட்டைப் போட்டுவிட்டு இசக்கியை மட்டும் படகில் ஏற்றிக் கொஞ்சதூரம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள்; முதல் மிதவை தாண்டும்போது தீவில் டியூப்லைட்டுகள் துடித்தன, இரண்டாவது மிதவையில் ஐஸ் பிளாண்ட் மோட்டார் இருமியது, மூன்றாவது மிதவையில் எல்லாம் அணைந்தது. விதி புத்தகத்தில் எழுதியிருந்ததை யாரோ கடலுக்கும் படித்துக் காட்டியதுபோல இருந்தது. பூட்டு தொங்கினால் ஆள் வேலையில். ஆள் வேலையில் இருந்தால் ஆள் மேடையில்.

தணிகாசலம் சார், கரையில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவர், போனில் சொன்னார்: “கேபிள் ஜாயிண்ட் போடத் தனிக் கப்பல் வரணும்மா. வெளிநாட்டுல இருக்கு. ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. தண்ணி ஆலை ஓடணும்ல, பிள்ளைங்க இருக்கிற ஊரு.”

“சரி சார்,” என்றாள் இசக்கி. பிள்ளைகள் இருக்கிற ஊர் என்றால் யார்தான் சரியில்லை என்று சொல்வார்கள்?

முதல் வாரம் தீவுக்காரர்கள் சுவிட்சைத் தொடப் பயந்தார்கள், இரண்டாவது வாரம் பயந்துகொண்டே தொட்டார்கள், மூன்றாவது வாரம் பயந்ததையே மறந்துபோனார்கள். அந்தக் கரண்ட் ஷாக் அடிக்கவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தது பஞ்சாயத்து ஆபீஸ் வயரைக் கடித்துத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் அசைபோட்டுக்கொண்டு நின்ற ஒரு ஆடு. அந்த வெளிச்சத்துக்கு விட்டில் வரவில்லை, மழைக்கு முந்தின ஈசல்கூட வரவில்லை. ஃபேன் காற்றில் லேசாகப் பாசி வாசம் அடித்தது. அந்தக் கரண்டில் உறைந்த ஐஸ் உருகுவதற்கு ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டது. பொம்பளைகள் ஈரத்துணியை வெறும் கம்பியில் காயப்போட்டார்கள், பிள்ளைகள் பிளக்கில் விரலை விட்டு யார் விரல் நீளம் என்று பந்தயம் வைத்தார்கள், கிழவர்கள் மூட்டுவலிக்கு மெயின் பாக்ஸைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் விளக்குப் போடுகிறவர்கள், “இசக்கி, போட்டுக்கிடுதேன்” என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். நாள்பட நாள்பட அது “இசக்கி, போடுதேன்” ஆகி, “இசக்கி” ஆகி, கடைசியில் பேசப் பழகுகிற பிள்ளைகள் சுவிட்சுக்குப் பேரே இசக்கி என்று நினைத்துவிட்டன. “வெயில் வந்துட்டுல்லா, இசக்கிய அமத்துல.” “ரெண்டாவது இசக்கியப் போடு, மொதல் இசக்கி ஃபேனுக்கு.” ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தீவில் அவள் பேர் சொல்லப்பட்டது. பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவளுக்கு அது கேட்காது, கேட்டாலும் அவளைக் கூப்பிட்டதாக அர்த்தம் இல்லை.

பங்குச்சாமியார் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். பிறந்த பெண்குழந்தை ஒன்றுக்கு மேரி இசக்கி என்று பேர் வைக்கக் கொண்டுவந்தபோது, “அது வேற சாமி பேருல்லா?” என்றார். “சாமி இல்ல பாதர், சுவிட்சு” என்றார்கள். ஞானஸ்நானம் நடந்தது. கதவு நிலைகளில் சிலுவைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் பூட்டு வரைய ஆரம்பித்ததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திட்டினார். அவர் திட்டிய மைக்கும் அந்தக் கரண்டில்தான் ஓடியது, ஆகவே யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பஞ்சாயத்து அவளுக்கு ஒரு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தது. முகவரி: நாலுகால், கூனித்தீவு.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தீவில் ஆறு தெரு, ஆறு தெருவுக்கும் ஆறு நாள், ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பொது. மத்தியானம் படகு வரும், இசக்கி கயிற்றில் கூடையை இறக்குவாள், சாளைமீன் புளிமுளக் குழம்பும் மரச்சீனிக்கிழங்கும் மேலே ஏறும். பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் இல்லாமல் எவரும் மேடையில் கால்வைக்கக் கூடாது என்பதால் படகுக்காரர்கள் கீழேயே நின்று அண்ணாந்து கத்துவார்கள், அவள் குனிந்து கத்துவாள். பதினெட்டு மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் மனுசருடைய உச்சந்தலைதான் தெரியும். வழுக்கை, இரட்டைச்சுழி, வகிடு கோணல், தலைப்பாகை என்று அவள் அவர்களை அடையாளம் வைத்திருந்தாள். வகிடு கோணல் சிரிக்கிறவளா சிரிக்காதவளா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. சாப்பாட்டைக் கொடுத்ததும் போய்விடுவார்கள். போகத்தானே வேண்டும், ஐஸ் காத்திருக்கும், வலை காத்திருக்கும், வீடு காத்திருக்கும்.

ரெண்டு மாசம் நாலு மாசம் ஆயிற்று. அதுவரை பதினாலு நாளைக்கு ஒருதரம் வேறு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களோடு சீட்டு விளையாடலாம், சண்டை போடலாம். ஐந்தாவது மாசம் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. எப்படியும் இசக்கி அங்கேதானே இருக்கிறாள், எதற்கு வேறு ஆள்? மிச்சத்தைக் கரையிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்கள் வருவது நின்றது. சம்பளத்தில் தனிமைப்படி என்று ஒரு வரி புதிதாக முளைத்தது, அது ஒன்றுதான் மாற்றம்.

மேடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாற்பத்திரண்டு அடி வைத்தால் முடிந்துவிடும். நாற்பத்திமூன்றாவது அடி கடல். இசக்கி காலையில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் பார்த்தாள், நீலக்கல் பார்த்தாள், எச்சம் கழுவினாள், ரெஜிஸ்டர் எழுதினாள், பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் எல்லா டப்பாக்களிலும் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தாள், பெயிண்ட் டப்பா, பிஸ்கட் டப்பா, தீயணைப்பான், எதில் எந்த ஊரில் தயாரித்தது என்று கேட்டாலும் சொல்லிவிடுவாள். மேடை முழுக்கக் கேட்கிற ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. ஒருநாள் அதை எடுத்து, “இசக்கியம்மாள், உடனே சாப்பாட்டு அறைக்கு வரவும்” என்று அறிவித்துவிட்டு, வேகமாக நடந்து போய்ச் சாப்பாட்டு அறையில் நின்றாள். அங்கே யாரும் இல்லை. இருக்க மாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் போனாள். வாரம் ஒருமுறை அபாயப் பயிற்சி நடத்தவேண்டும் என்பது சட்டம். சைரனை அடித்து, உயிர்காக்கும் சட்டையை மாட்டி, ஓடிப்போய்க் கூடவேண்டிய இடத்தில் கூடி, தலை எண்ணி, ரெஜிஸ்டரில் எழுதினாள்: வந்தவர் ஒன்று, வராதவர் இல்லை. யாராவது சிரிப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தாள். ஒரு கடற்காக்கை உட்கார்ந்திருந்தது, அதுவும் சிரிக்கவில்லை.

பத்தாவது மாசம் ஹாஸ்டல் வார்டன் போன் பண்ணினாள். “உன் கட்டிலை வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சும்மா. பெட்டியை மாடிப்படிக்குக் கீழ வச்சிருக்கேன். யாரையாச்சும் அனுப்பி எடுத்துக்கிடு.”

யாரை அனுப்புவது என்று இசக்கி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அப்புறம் தணிகாசலம் சாருக்குப் போன் போட்டாள்.

“சார், கப்பல் எப்ப வரும்?”

“எந்தக் கப்பல்மா?”

“கேபிள் ஜாயிண்ட் போடுத கப்பல்.”

அவர் கொஞ்சநேரம் எதையோ புரட்டினார். “அது ஃபைல் மேல போகவே இல்லம்மா. தடைன்னு இருந்தா சட்டம் கழுத்தைப் பிடிக்கும், ஏழு நாள்ல தீவுக்கு ஜெனரேட்டர் இறக்கணும், தொண்ணூறு நாள்ல கப்பல் கொண்டாரணும். கூனித்தீவுல தடையே இல்லையே. பத்து மாசமா ஒரு நாள்கூடத் தடை இல்ல. நம்ம ஏரியாவுலயே நல்ல லைன் அதுதான். போன வாரம் மீட்டிங்ல பாராட்டுனாங்க.”

“அறுந்து கெடக்கு சார்.”

“ரிப்போர்ட்ல அப்படி இல்லையே. தினமும் பாக்குறேன். கூனித்தீவு சப்ளை: உண்டு. உண்டு. உண்டு.”

“யாரு எழுதுன ரிப்போர்ட்டு?”

“நீதாம்மா.”

உண்மைதான். ரெஜிஸ்டரில் ஒவ்வொரு லைனுக்கும் நேராக ஒரு கட்டம் உண்டு, ஊருக்கு வெளிச்சம் போய்ச் சேருகிறதா இல்லையா என்று அதில் எழுதவேண்டும், அவள் எரிகிறதை எரிகிறது என்று பொய் சொல்லாமல் எழுதியிருந்தாள். முன்னூறு நாளாகத் தன்னுடைய கையாலேயே, நல்ல கையெழுத்தில், கப்பலைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது இல்லை என்று எழுதலாம். ஆனால் எரிந்துகொண்டிருக்கும்போது இல்லை என்று எப்படி எழுதுவது? அவளுக்கு அது வரவில்லை. பேனாவை எடுத்துப் பார்த்தாள், வரவில்லை.

வயர்லெஸில் ஃபெலிசியாவைக் கூப்பிட்டாள். “அக்கா, ஊர்க்கமிட்டி ஒரு மனு எழுதணும். கப்பல் வேணும்னு.”

“எழுதுவோம் எழுதுவோம்,” என்றாள் ஃபெலிசியா. “கோயில் திருவிழா முடியட்டும்.”

“திருவிழா எப்ப?”

“அது கெடக்கு ஆவணியில.”

“அக்கா.”

“என்னட்டி?”

“ஒங்களுக்குக் கப்பல் வேண்டாம்.”

ஃபெலிசியாவுக்குப் பெரிய வாய்தான், ஆனால் பொய் சொல்கிற வாய் இல்லை. “வேண்டாம்ட்டி. எதுக்கு வேணும்? அந்தக் கரண்டு ஷாக் அடிக்கும், புயலுக்குப் போவும், வெயிலுக்கு மூக்கால அழுவும். இது ஒழுங்கா வருது. நாங்க ஒன்ன என்ன கொறைவாவா வச்சிருக்கோம்? நேத்து விளமீன் குடுத்து விட்டேன், எம் பிள்ளைக்கு வைக்கல, ஒனக்கு வச்சேன்.”

“நல்லா இருந்துச்சுக்கா.”

“பின்ன? அங்க கரையில ஒனக்கு யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

“பின்ன என்னட்டி?”

“பின்ன ஒண்ணுமில்ல. போணும்.”

கரையில் ஒருத்தரும் காத்திருக்கவில்லை என்றால் ஒருத்தி கரைக்குப் போகக் கூடாதா? அதை ஃபெலிசியாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுகை வரும், வயர்லெஸில் அழுதால் தீவு முழுக்கக் கேட்கும். அவள் விதிப் புத்தகத்தைத் திறந்தாள், மின்தடைக்கு மூன்று நாள் முன்னறிவிப்பு என்றிருந்ததைப் படித்தாள், திங்கள்கிழமை பத்து மணிக்கு வயர்லெஸை எடுத்து அறிவிக்கிற குரலில் சொன்னாள்: “கூனித்தீவு மக்களுக்கு. வியாழக்கிழமை காலை பத்து மணி முதல் உங்கள் பகுதியில் மின்சாரம் இருக்காது. குடிதண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும்.”

“எத்தனை மணி வரைக்கும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“கப்பல் வருத வரைக்கும்.”

அந்த மூன்று நாளும் சாப்பாட்டுப் படகு வரவில்லை. பிஸ்கட் சாப்பிட்டாள். புதன்கிழமை மத்தியானம் நாற்பது படகுகள் வந்தன, நாலுகாலைச் சுற்றி வட்டம் போட்டு நின்றன. இத்தனை உச்சந்தலையை அவள் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. கெஞ்சினார்கள். மாதா சுரூபத்தைத் தூக்கிக் காட்டினார்கள். மேரி இசக்கியைத் தூக்கிக் காட்டினார்கள், அது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. “நன்னி கெட்டவளே, எங்க ரேஷன் கார்டத் திருப்பிக் குடுட்டி” என்று ஒரு தலைப்பாகை கத்தியது. அவள் உள்ளே போய்க் கார்டை எடுத்துக் கூடையில் வைத்து இறக்கினாள். அதை யாரும் எடுக்கவில்லை. கூடை கொஞ்சநேரம் காற்றில் ஆடியது, பிறகு அவளே மேலே இழுத்துக்கொண்டாள்.

“ஏழு நாள்ல ஜெனரேட்டர் வரும்!” என்று குனிந்து கத்தினாள். “தொண்ணூறு நாள்ல கப்பல் வரும்! சட்டத்துல இருக்கு!”

“சட்டத்தையா குடிக்கது?” என்று கீழிருந்து ஃபெலிசியாவின் குரல் வந்தது. படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஃபெலிசியாவின் படகு கடைசியாகத் திரும்பியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இசக்கி கழுத்துச் சாவியை எடுத்தாள். பூட்டு உப்பில் இறுகிப்போயிருந்தது, எண்ணெய் விட்டு, துணி சுற்றிப் பிடித்து, இரண்டு கையாலும் திருகவேண்டியிருந்தது. திறந்துகொண்டது. மேடையில் ஒரு மாற்றமும் இல்லை, காற்றாலைகள் அதே மாதிரி சுற்றின, டிரான்ஸ்ஃபார்மர் அதே மாதிரி முனகியது. பத்து ஐந்துக்கு ரெஜிஸ்டரைத் திறந்து, கூனித்தீவு என்ற கட்டத்துக்கு நேரே இல்லை என்று எழுதினாள். எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பத்து மாசத்தில் முதல்தடவையாக, வயர்லெஸை அணைத்துவிட்டுச் சத்தம்போட்டு அழுதாள். பாவம் செய்தவள் மாதிரி இருந்தது. செய்தாளா இல்லையா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். இருட்டில் இருக்கப்போகிறவர்களுக்கு ஒரு பதில், மேடையில் இருந்தவளுக்கு ஒரு பதில்.

முந்தின நாளே அவள் போன் பண்ணி வரச்சொல்லியிருந்த கம்பெனிப் படகோட்டி கொஸ்மாஸ் அண்ணாச்சி பதினோரு மணிக்கு வந்தார். தலை எண்ணுகிற பலகையில் அவள் பேர்ச்சீட்டைப் பார்த்தார், பூட்டு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்தார், ஏறச் சொன்னார். முதல் மிதவை போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவது போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“தீவைச் சுத்திக்கிட்டுப் போவமா மக்ளே?” என்று கொஸ்மாஸ் கேட்டார். “அரை மணி நேரம் கூட ஆவும், அவ்வளவுதான். அங்க ஆளுவ கரையில நிக்காவ. கையில கல்லு வச்சிருந்தாலும் வச்சிருப்பாவ.”

“நேராப் போங்க அண்ணாச்சி.”

பகலில் இருட்டு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். தீவு நெருங்க நெருங்க, ஐஸ் பிளாண்ட் இரைச்சல் இல்லை, தண்ணீர் ஆலை மோட்டார் இல்லை, டீக்கடை ரேடியோ இல்லை. அலை மட்டும் அடித்தது. கரையில் ஊரே நின்றது. அவர்களுடைய முகங்கள் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. யார் வழுக்கை யார் வகிடு கோணல் என்று நேருக்கு நேர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கூட்டத்திலிருந்து உயரமான ஒருத்தி கடலுக்குள் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நடந்து வந்தாள். தலையில் ஒரு துணிப்பை, ஒரு கை மேலே தூக்கி நிறுத்தச் சொல்லியது. கொஸ்மாஸ் என்ஜினைக் குறைத்தார். அவளுக்குப் பின்னால் இன்னும் பொம்பளைகள் இறங்கினார்கள், ஒருத்தி தலையில் அடுப்பு, ஒருத்தி தலையில் அரிசிப் பானை, ஒருத்தி இடுப்பில் பாய்ச்சுருள்.

அவள் பையைப் படகுக்குள் எறிந்தாள், விளிம்பைப் பிடித்து ஏறினாள், புடவையிலிருந்து கடல் கொட்டியது. வாயைத் திறந்ததும்தான் அது ஃபெலிசியா என்று இசக்கிக்குத் தெரிந்தது.

“ஐஸு பாதி உருகிட்டு,” என்றாள், இசக்கியைப் பார்த்து அல்ல, கொஸ்மாஸைப் பார்த்தும் அல்ல. “ஏழு நாளுன்னு எழுதி வச்சிருந்தா ஏழு நாள்ல வந்துருமாக்கும்? அவன் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்து சோத்துக்கு ஒலை வச்சாத்தான் வரும். ஜெனரேட்டரும் வரணும், கப்பலும் வரணும். எந்த ஆபீஸு, எந்த மாடி, எவன் கையெழுத்துப் போடணும், அது ஒனக்குத்தான தெரியும்?”

“தெரியும்க்கா,” என்றாள் இசக்கி.

“நகரு.”

எட்டுப் பேர் உட்காருகிற படகு. ஒவ்வொருத்தியாக ஏறி ஏறிப் பதினைந்து பேர் ஆனார்கள். இசக்கி நகர்ந்தாள், இன்னும் நகர்ந்தாள், அதற்குமேல் நகர இடமில்லை. யாரும் அவளை மன்னித்ததாகத் தெரியவில்லை. அரிசிப் பானையை யாரோ அவள் மடியில் வைத்தார்கள், வைக்கவா என்று கேட்கவில்லை. ஃபெலிசியாவின் ஈரப்புடவை அவள் பேண்டை முழங்கால்வரை நனைத்தது. படகு ஆபீஸ் இருக்கிற கரையைப் பார்த்துத் திரும்பியது. பாய்ச்சுருள் வைத்திருந்தவளின் முழங்கை ஒவ்வொரு அலைக்கும் அவள் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது, வலிக்கத்தான் செய்தது, எடுக்கச் சொல்லியிருக்கலாம், கரை சேருகிறவரை இசக்கி சொல்லவில்லை.